கரடி வாழும் காடுகளில் ரிவால்வர்: தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா, மான்டானா, வயோமிங் முதலிய ராஜ்யங்களில், காட்டிலும் ஆற்றோரத்திலும் வேலை செய்வோர் பலர் பெரிய குழல்வாயுள்ள ரிவால்வர் ஒன்றை உடன் கொண்டு செல்வது வழக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை நிறுத்திவிட்டன. ஆகையால் இங்குக் கூறப்படுவது அந்நாட்டு வழக்கமேயாம். ஆயினும், உயிர் காக்கும் கருவியொன்றை எவ்வாறு ஆராய்ந்து வாங்குவது என்னும் விஷயம் எந்நாட்டாருக்கும் பயன் தரக்கூடியது.

தேவை யாது?

அலாஸ்காக் கடற்கரையில் வாழும் பழுப்புக் கரடிகளில் ஆண் கரடி 1,000 பவுண்டுக்கு மேலும் எடை கொள்வதுண்டு. அது மணிக்கு 30 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட வல்லது. 30 கஜ தூரத்தை ஏறக்குறைய இரண்டே விநாடியில் கடந்துவிடும். வேட்டைக்குச் செல்வோரிடம் நீண்ட குழலுள்ள ரைபிள் இருக்கும். ஆனால் மீன் பிடிக்கும்போதும், விறகு வெட்டும்போதும், வீழ்த்திய மானை அறுக்கும்போதும் ரைபிள் மரத்தில் சாய்ந்து கிடக்கும். அவ்வேளையில் இடுப்பிலோ மார்பிலோ உள்ள ஆயுதமே கைக்கு எட்டும். ரைபிளின் இடத்தைப் பிடிப்பது ரிவால்வரின் வேலையன்று. ரைபிள் கையில் இல்லாத நேரத்திற்கு உதவுவதே அதன் வேலை.

ரிவால்வரின் சுழலும் உருளை, நீண்டு பருத்த தோட்டாவைத் தாங்க வல்லது. ஒரு தோட்டா வெடிக்காது போனால், விசையை மறுபடி இழுத்த அளவில் அடுத்தது முன் வரும். விலங்கின் உடலோடு அழுத்திச் சுட நேரினும் சிக்கிக்கொள்ளாது. ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களே கொள்ளும் என்பதும், மறுபடி நிரப்பத் தாமதமாகும் என்பதும் இதன் குறைகள்.

குழலின் அளவும் வலிமையும்

.44, .45 என்னும் எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஏறக்குறையக் குறிப்பன. குண்டின் எடை கிரெயின் கணக்கில் கூறப்படும். 7,000 கிரெயின் கொண்டது ஒரு பவுண்டு.

1935இல் வெளிவந்த .357 மாக்னம், 158 கிரெயின் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 1,235 அடி வேகத்தில் செலுத்தும். அதன் வலிமை 535 அடி-பவுண்டு. எல்மர் கீத் என்னும் வேட்டைக்காரரின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின் 1955ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியும் ரெமிங்டன் கம்பெனியும் .44 மாக்னத்தை உருவாக்கின. இது 240 கிரெயின் குண்டை 1,180 அடி வேகத்தில் செலுத்தி, சுமார் 740 அடி-பவுண்டு வலிமை தரும். .454 கசுல் தோட்டா 1,700 அடி-பவுண்டுக்கும், 2003இல் வந்த .500 தோட்டா நீண்ட குழலில் சுமார் 2,500 அடி-பவுண்டுக்கும் எட்டும். சாதாரணமான .30-06 ரைபிளோ 2,900 அடி-பவுண்டு தருவது. எனவே, மிகப் பெரிய ரிவால்வர் நீங்கலாக மற்றவையெல்லாம் ரைபிளுக்கு வெகு கீழே நிற்பவை என்பது தெளிவு.

1873இல் தோன்றிய .45 கோல்ட் தோட்டா இன்றும் வழக்கில் உள்ளது. அதற்கென இக்காலத்தில் உறுதியாகச் செய்யப்பட்ட சில ரிவால்வர்களுக்காக மிகுந்த அழுத்தமுள்ள தோட்டாக்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பழைய ரிவால்வரில் இட்டால் உருளை வெடித்துச் சிதறக்கூடும். வாங்குவோர் இதில் மிகுந்த ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்.

குண்டின் அமைப்பு

மான் வேட்டைக்கு, உடலில் பட்டதும் விரியும் குண்டு ஏற்றது. விலங்கு துன்பப்படாமல் விரைவில் வீழும். பெரிய கரடிக்கு அது போதாது. தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றிலேயே விரிந்து நின்றுவிடக்கூடும். எலும்பை உடைத்து ஆழம் செல்வதற்குக் கடினமான ஈயக் கலவையில் வார்த்த, தட்டையான முனையுள்ள கனத்த குண்டையே அனுபவசாலிகள் விரும்புகின்றனர்.

எடையும் குழலின் நீளமும்

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். .500 ரிவால்வரில் எட்டரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த நீளக் குழலுள்ளது 72 அவுன்ஸ், அதாவது நாலரைப் பவுண்டு எடையுள்ளது. கடையில் அது கம்பீரமாகத் தோன்றும். மூன்றாம் நாள் நடையில் சுமையாகிக் கூடாரத்திலேயே தங்கிவிடும். கூடாரத்தில் கிடக்கும் ஆயுதம் ஆற்றங்கரையில் உயிர் காக்காது.

மிக இலேசானதும் உதவாது. சுமார் 25 அவுன்ஸ் எடையுள்ள .44 மாக்னம் ரிவால்வரும் உண்டு. சுமப்பது எளிது, ஆனால் அதன் உதை கையை நடுங்கச் செய்யும். அவ்வுதையால் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னே நழுவி, உருளை சுழலாதபடி தடுத்துவிடுவதும் உண்டு. 40 முதல் 48 அவுன்ஸ் வரை எடையும் நாலு அங்குலக் குழலும் கொண்ட .44 மாக்னமே சுமப்பதற்கும் சுடுவதற்கும் நடுத்தரமானது. வேட்டைக்கென்றே வாங்குவோர் ஆறு முதல் எட்டு அங்குலக் குழலைத் தேர்ந்தெடுப்பர். குறிமுனைகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடுவதால் குறி நன்கு அமையும்.

முதுகில் மூட்டையும் இடுப்பளவு நீரும் உள்ளவர்களுக்கு இடுப்பு உறையைவிட மார்பில் குறுக்காகக் கட்டும் உறையே சௌகரியம்.

கைக்கு அடங்குகிறதா?

வண்டிக்கு மாடு வாங்குவோர் கொம்பின் அழகைப் பார்த்து வாங்குவதில்லை; நுகத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்தே வாங்குவர். ரிவால்வருக்கும் அதுவே முறை. கரடி பாயும்போது விரைவாகச் சுட்டு, இரண்டாம் குண்டையும் குறியில் சேர்க்க வேண்டும். .500ஆல் ஒருமுறை சுட்டுவிட்டு மறுமுறைக்குக் கண்ணை மூடிக்கொள்பவர், .357ஆல் மூன்று குண்டுகளைக் குறியில் சேர்ப்பவரைவிடப் பலவீனரே. பழகுவதற்கு மெல்லிய தோட்டாக்கள் உண்டு: .44 மாக்னத்தில் .44 ஸ்பெஷலும், .357இல் .38 ஸ்பெஷலும், .454இல் .45 கோல்டும் இட்டுச் சுடலாம். இவற்றில் தொடங்கிப் படிப்படியாக வலிய தோட்டாவுக்குச் செல்வது நலம். செவியைக் காக்கும் மூடி இன்றிப் பழகலாகாது.

உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே சூடான புகை பீறிடும். அவ்விடத்தில் விரல் வைத்தால் அறுபடும். பழைய மாதிரிகள் சிலவற்றில் குதிரை நேரே தோட்டாவின் மேல் படிந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடுமாதலால், அதற்கு நேரேயுள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாக்களே நிரப்புதல் வேண்டும். ரூகர் கம்பெனியார் 1973 முதல் இவ்வபாயத்தை நீக்கும் தடைப்பட்டையை அமைத்து வருகின்றனர்.

ஆயுதம் ஒன்றே காவலாகுமா?

ஸ்மித், ஹெரெரோ முதலிய ஆராய்ச்சியாளர் அலாஸ்காவில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து ஆராய்ந்தனர். மிளகாய்க் காரம் கலந்த கரடித் தெளிப்பான், பழுப்புக் கரடிகளை நூற்றுக்கு 92 நிகழ்ச்சிகளில் தடுத்தது என 2008இல் வெளியிட்டனர். 2012இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் கைத்துப்பாக்கி நூற்றுக்கு 84 நிகழ்ச்சிகளில் பயன்பட்டது தெரியவந்தது. ஆனால் துப்பாக்கியைப் பிரயோகித்தோருக்கும் பிரயோகிக்காதோருக்கும் காயமடைவதில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே உணவைக் கூடாரத்திற்குத் தொலைவில் வைத்தல், புதர் நடுவே குரல் கொடுத்துக்கொண்டு நடத்தல், தெளிப்பானைக் கைக்கெட்டும்படி வைத்திருத்தல் ஆகியவை முதற் காவல். ரிவால்வர் கடைசிக் காவல்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். வேட்டைக்குரிய குறைந்தபட்ச அளவு ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறுபடும். தெற்கு ராஜ்யங்களிலிருந்து தரை வழியே அலாஸ்கா செல்வோர் கனடாவைக் கடக்க வேண்டும். அங்கே கைத்துப்பாக்கிச் சட்டம் மிகவும் கடுமையானது.

சுருங்கக் கூறின், நாள் முழுதும் சுமக்கக்கூடியதும், விரைவில் எடுக்கக்கூடியதும், பழக்கத்தால் குறி தவறாமல் சுடக்கூடியதுமான அளவுகளுள் மிகப் பெரியது எதுவோ, அதுவே ஒருவருக்குத் தக்க ரிவால்வர். அதற்கு மேற்பட்டது வீண் செலவும் வீண் சுமையுமேயாம்.