காற்று தள்ளும் படகு



பாகான் டத்தோ படகுத்துறையிலிருந்து மீன்பிடிப் படகு புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பின்னால் போகிறது. படகு முன்னால் போகிறது. இது ஏன் என்று பிள்ளை கேட்டால், "பெரியவனானால் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அப்படி அனுப்ப வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு, அரை மணி நேரத்தில் பிள்ளையே விடையைக் கண்டுபிடிக்கும்படி செய்யலாம்.

இதற்கு நான்கு பொருள்கள் போதும்: பால் அல்லது பழச்சாறு வாங்கிய 1 லிட்டர் காகிதப் பெட்டி ஒன்று, ஒரு பலூன், ஒரு ரப்பர் வளையம், நான்கு அங்குல நீளத்தில் ஒரு குழாய். குழாய்க்குக் கடைக்குப் போக வேண்டாம். மை தீர்ந்த பேனாவின் கூடு இருந்தால் சரி. இல்லையென்றால், கொல்லையில் நிற்கும் பப்பாளி மரத்தில் மெல்லிய இலைக்காம்பு ஒன்றை நறுக்குங்கள். அதன் உள்ளே இயற்கையாகவே துளை உண்டு. வெட்டிய இடத்தில் வடியும் பாலை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பெட்டியைக் கழுவி, படுக்க வைத்து, மேல்பக்கத்தை மட்டும் வெட்டி எடுங்கள். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்வதே நல்லது. இப்போது அது ஒரு தோணி போல இருக்கும். பின்பக்கச் சுவரில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், குழாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை இடுங்கள். குழாயின் ஒரு முனையைப் பலூனின் வாய்க்குள் செருகி, காற்று கசியாதபடி ரப்பர் வளையத்தால் இறுகச் சுற்றுங்கள். பலூன் தோணிக்குள்ளும் குழாயின் மறுமுனை வெளியிலுமாக அமையட்டும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் வாய் வைத்து ஊதி, பலூனை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். பெரிய பேசினிலோ துணி அலசும் தொட்டியிலோ படகை விட்டு, விரலை எடுங்கள். படகு கிளம்பிவிடும்!

படகைத் தள்ளியது எது? ஊதிய பலூனின் ரப்பர் இழுபட்டு நிற்கிறது. பழைய அளவுக்குச் சுருங்க முயன்று, உள்ளேயிருக்கும் காற்றை நெருக்குகிறது. வழி கிடைத்ததும் காற்று பின்னால் பாய்கிறது. பலூன் காற்றைப் பின்னுக்குத் தள்ளும்போது, காற்றும் பலூனை அதே அளவு முன்னுக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது.

காற்று தண்ணீரை முட்டுவதால்தான் படகு நகர்கிறது என்று பலர் நினைப்பார்கள். நம் குழாயோ தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அப்படியும் படகு ஓடுகிறது. முட்டுவதற்குக் காற்றே இல்லாத விண்வெளியிலும் ராக்கெட் போவது இப்படித்தான். நம் கடலில் பிடிபடும் கணவாயும் இதே வித்தையை அறியும். உடம்புக்குள் தண்ணீரை நிரப்பி, அதைக் குழல் வழியாகப் பீய்ச்சிவிட்டு, எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து தப்பிக்கும்.

பிள்ளைகள் இன்னொன்றும் செய்து பார்க்கட்டும். குழாய் முனைக்கு எதிரே, சற்றுத் தள்ளி, ஓர் அட்டையைப் படகோடு சேர்த்து நிறுத்துங்கள். காற்று அட்டையில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். படகு நகரத் தயங்கும். காற்று படகைவிட்டுப் பின்னால் போனால்தான் படகு முன்னால் போக முடியும். இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். "ஏன் நின்றுவிட்டது?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் பலூனுக்கும் நம் குடும்பங்களுக்கும் உறவு உண்டு. ரப்பர் பலூனை முதலில் செய்தவர் மைக்கேல் பாரடே. 1824-ஆம் ஆண்டில், லண்டனில், தம் ஆராய்ச்சிக்காக இரண்டு ரப்பர் தாள்களின் ஓரங்களை ஒட்டி அதைச் செய்தார். பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 1877-இல் பேராக் ஆற்றங்கரையிலுள்ள கோலகங்சாருக்கு வந்தன. அந்த ஆறுதான் பாகான் டத்தோ அருகே கடலில் கலக்கிறது. பிறகு தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். அந்த மரத்துப் பாலிலிருந்துதான் பலூன் உருவாகிறது. படகு ஓடும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் பகுதி தாழ்நிலம். வடிகால்களும் கால்வாய்களும் வீட்டுக்கு அருகிலேயே இருக்கின்றன. படகு நன்றாக ஓடுகிறது என்றதும், பிள்ளைகள் அதை அங்கே கொண்டுபோக ஆசைப்படுவார்கள். ஓடிப்போகும் படகை எட்டிப் பிடிக்கப் போய்த் தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பேசினிலேயே விடச் சொல்லுங்கள். அங்கேயும் சிறு குழந்தையைத் தனியே விடாதீர்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். ஆகவே துண்டுகளை உடனே பொறுக்கி எறிந்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பலூனைப் பெரியவர்களே ஊதிக் கொடுங்கள்.

வேலை இல்லாத ஒரு மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். அடுத்த முறை படகுத்துறைக்குப் போகும்போது, பின்னால் நுரைக்கும் தண்ணீரைக் காட்டி, படகு ஏன் முன்னால் போகிறது என்று உங்கள் பிள்ளையே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.