ஒரு நிமிஷ வினிகர்!

அந்த அக்காவின் கையில் ஒரு சின்ன பிரஷ். எதிரே இன்னும் சூளையைப் பார்க்காத பச்சைக் களிமண் பிள்ளையார்கள் இருபது முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒவ்வொரு பிள்ளையாரின் கழுத்திலும் ஒரு இழுப்பு. உற்றுப் பார்த்தல். அடுத்தவர்!

எங்கள் விருத்தாசலத்துக்கு பீங்கான் நகரம் என்று பெயர். கொலு பொம்மை, அகல் விளக்கு, கப் அண்ட் சாஸர், உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஃப்யூஸ் கேரியர்... எல்லாம் செராமிக் தொழிற்பேட்டையில் பிறப்பவைதான். கொலுவுக்கு பொம்மை வாங்கப் போனவன், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன்.

"என்னக்கா, பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பா?"

"காப்பும் இல்ல சோப்பும் இல்ல தம்பி. கீறல் இருக்கான்னு பாக்குறேன். சும்மா பாத்தா கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பட்டா கீறல்ல எறங்கி கோடு போட்டுக் காட்டிக் குடுத்துடும். இப்பவே தெரிஞ்சா கரைச்சு மறுபடி அச்சுல ஊத்திக்கலாம். சூளைக்குப் போய்ட்டு வந்துட்டா அப்புறம் குப்பையிலதான் போடணும்."

சிரித்துக்கொண்டே பொம்மையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஜங்ஷன் ரோடு தாண்டுவதற்குள் சிரிப்பு காணாமல் போய்விட்டது. பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

2004. நான் ப்ளஸ் டூ. பெரியம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயசு. மாதவிலக்கு நின்றே நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மறுபடி உதிரம் படுகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. "உடம்பு சூடு" என்று அவரே முடிவு கட்டி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தார். வேப்பிலை, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவினார். பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துணியை விடியும் முன்னே அலசி, கொல்லைப்புறக் கொடியில் பாவாடைக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் காயப் போட்டார். வெயில் கண்ணிலும் படாமல் என்று சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. இடுப்பு வலி பொறுக்க முடியாமல் போனபோதுதான் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சூளைக்குப் போய்வந்த கீறல். பத்து மாசத்தில் போய்விட்டார்.

வீட்டில் அவரைப் போல சுத்தம் பார்த்தவர் யாருமில்லை. இதுதான் எனக்கு இத்தனை வருஷமாக விளங்காத விஷயம். இவ்வளவு சுத்தமான மனுஷிக்கா?

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். கிராமம் கிராமமாகச் சுற்றி ரிட்டயர் ஆனவர். கூச்சத்தை மென்று விழுங்கிவிட்டு அவரிடம் கேட்டேன்.

"சுத்தத்துக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் கெடையாது தம்பி. இது வைரஸ். ஹெச்.பி.வி.னு பேரு. வெளியிலேர்ந்து உள்ள வர்றது. எங்கேர்ந்து வருதுன்னு கேளு..."

கேட்டேன்.

"உங்ககிட்டேர்ந்துதான்."

தூக்கிவாரிப் போட்டது. "நான் என்னக்கா செஞ்சேன்?"

"உன்னை மட்டும் சொல்லலப்பா, ஆம்பளைங்களை!"

நர்ஸ் அக்கா சொன்னதில் கொஞ்சமும் மிகையில்லை. 1842-லேயே இத்தாலியின் வெரோனா நகரத்தில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற டாக்டர் சாவுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து ஒரு விஷயத்தைக் கவனித்தார். கல்யாணமான பெண்களைத் தாக்கும் கர்ப்பப்பைப் புற்றுநோய், கன்னியாஸ்திரீகளை அநேகமாக எட்டிப் பார்க்கவில்லை! காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் நூற்று நாற்பது வருஷம் ஆனது. ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹாஸன் 1980-களில் இந்தப் புற்றுநோய்க்குள் இருந்த ஹெச்.பி.வி. வைரஸைப் பிடித்துக் காட்டினார். 2008-ல் நோபல் பரிசு. அதில் 16, 18 என்று நம்பர் போட்ட இரண்டு ரவுடிகள்தான் நூற்றுக்கு எழுபது கேஸுக்குப் பொறுப்பு.

உடனே யாரும் மனைவியையோ, மனைவி உங்களையோ சந்தேகப்பட்டு சண்டை வளர்க்க வேண்டாம். தாம்பத்தியம் உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வைரஸ் வந்து போகும். ஆணுக்கு அநேகமாக எந்த அறிகுறியும் இருக்காது. பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் சிலரிடம் தங்கிவிடுகிறது பாருங்கள், அதுதான் பத்துப் பதினைந்து வருஷம் மெதுவாக வேலை செய்து புற்றுநோயாகிறது.

சரி, பெரியம்மாவின் வேப்பிலைத் தண்ணீர்? வெளியே குளிப்பதில் தப்பே இல்லை. உள்ளே விட்டுக் கழுவுவதுதான் வம்பு. அங்கே இயற்கையாகவே நல்ல கிருமிகள் காவல் இருக்கின்றன. டெட்டால், சோப்பு, இலைச்சாறு என்று ஊற்றினால் முதலில் சாவது அந்த வாட்ச்மேன்தான்! துணி? பருத்தித் துணி புற்றுநோயைக் கொண்டுவராது. சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய்ந்த துணியால் ஒரு கெடுதலும் இல்லை. இருட்டில், ஈரத்தில் வைத்த துணி வேறு தொற்றுகளுக்கு வழி பண்ணும். வெயிலில் போடாததற்குக் காரணம் என்ன? நாம் பார்த்துவிடுவோமே என்கிற பயம்தானே! கோயம்புத்தூர் முருகானந்தம், மனைவி ஒளித்து வைத்த துணியைப் பார்த்துப் பதறித்தான் மலிவு விலை நாப்கின் மெஷினே செய்தார். 2016-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார்.

இது நம் ஊர் சமாசாரம் மட்டுமல்ல. ஹைட்டி நாட்டிலிருந்து அமெரிக்காவின் மயாமி நகரத்துக்குக் குடியேறிய பெண்களிடமும் இதே கதைதான். இலை, மூலிகை போட்ட தண்ணீரில் உட்புறம் கழுவுவது அங்கே தாய் மகளுக்குச் சொல்லித் தரும் வழக்கம். சுத்தமாக இருக்கிறோம், நமக்கெதற்கு டெஸ்ட் என்ற நினைப்பு வேறு. மயாமி பல்கலைக்கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹைட்டிப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். ஒரு பஞ்சுக்குச்சியைக் கொடுத்து, "கதவைச் சாத்திக்கிட்டு நீயே சாம்பிள் எடுத்துக் குடு" என்றார்கள். கூச்சத்துக்கு நல்ல மருந்து!

நம் ஊர் மருந்து இதைவிட எளிமை. வினிகர்!

ஊறுகாய் வினிகரைத் தூக்கிக்கொண்டு வீட்டில் யாரும் சோதனையில் இறங்கிவிடாதீர்கள், சாமி. அளவாகத் தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலத்தைப் பயிற்சி பெற்ற நர்ஸ் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிஷம் காத்திருந்தால் போதும். கெட்டுப்போக ஆரம்பித்த இடம் இருந்தால் வெள்ளையாகத் திட்டுப் போட்டுக் காட்டும். அக்காவின் மண்ணெண்ணெய் பிரஷ்ஷேதான்! திட்டு இருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் குளிர வைத்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை அழித்துவிடுவார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? நம்ம திண்டுக்கல் மாவட்டம்! ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும், கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணனும் அவர் வேலை பார்த்த பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 2000-ல் ஆரம்பித்தார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை 49 ஆயிரம் பெண்களுக்கு அழைப்பு. சோதித்தவர்கள் நர்ஸுகள். முடிவு 2007-ல் லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றுநோய்ச் சாவு நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்திருந்தது!

அதே கணக்கில் இன்னொரு நம்பரும் உண்டு. அழைத்தவர்களில் வந்தவர்கள் 31 ஆயிரம் பேர்தான். சோதனை இலவசம், ஆஸ்பத்திரி பக்கம், இருந்தும் மூன்றில் ஒருத்தர் வரவில்லை. "அவரு என்ன சொல்வாரோ", "நமக்கு என்ன வியாதி", "அந்த இடத்தையா காட்டுறது..."

2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் இந்த நோய் புதிதாக வந்தவர்கள் சுமார் ஒரு லட்சத்து 27 ஆயிரம் பேர். இறந்தவர்கள் 80 ஆயிரம். வைகை எக்ஸ்பிரஸ் விருத்தாசலத்தை விட்டு எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் இருபத்தைந்து பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பிரம்மச்சாரிகள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்களுக்கும் அக்கா, தங்கை, அக்கா மகள் இருப்பார்களே! ஒன்பது முதல் பதினாலு வயதுக்குள் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுவதுதான் உத்தமம். நம் நாட்டிலேயே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த 'செர்வாவேக்' 2023-ல் வெளியானது. பதினாலு வயசுப் பெண்களுக்குப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. ஊசி போட்டவர்களும் முப்பது தாண்டினால் சோதனைக்குப் போகத்தான் வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்... இதெல்லாம் "சூடு" அல்ல, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

என் மனைவிக்கு முப்பத்து நாலு வயசு. பிள்ளையார் கதையையும் பெரியம்மா கதையையும் சேர்த்துச் சொன்னேன். பத்து நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "நீங்களும் கூட வர்றதா இருந்தா வர்றேன்" என்றாள்.

ஆபீஸில் அரை நாள் லீவு எழுத வேண்டுமே, என்ன காரணம் போடுவது? "சொந்த வேலை" என்று எழுதி, அடித்துவிட்டு, "மனைவியின் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை" என்றே எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏம்ப்பா... அங்க எத்தனை மணிக்கு டோக்கன் குடுக்குறாங்க? எங்க வீட்டம்மாவுக்கு நாப்பத்தாறு ஆவுது."