மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகும் அம்மாக்களுக்கு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மகள் நியூயார்க்கிலோ லண்டனிலோ இருந்தால் அம்மா விமானம் ஏறுகிறார். திருவண்ணாமலையில் கட்டும் பெட்டியில் அண்ணாமலையார் கோயில் விபூதியோடு வசம்பு, உரைமருந்து, பேறுகால லேகியம், கண்மை எல்லாம் இருக்கும். ஆனால் அங்குள்ள டாக்டர், வேறு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுகிறோம். திட்டுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். இதெல்லாம் மருந்தா என்ற எண்ணம் மறுபக்கம்.

மறைப்பதில்தான் ஆபத்து. 2011, 2012-இல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. ஆறு பேருமே இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்டவர்கள். தாயின் ரத்தத்தில் கலந்த ஈயம் சிசுவையும் சேரும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சில கண்மைகளிலும் ஈயம் உண்டு. செந்தூரம், பற்பம் என்றால் உலோகம் சேர்ந்ததா என்று பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுவைப்பதும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நோய் அதில் வரலாம்.

பூண்டுக் குழம்புக்கும் பத்தியச் சோற்றுக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் திட்டு இருக்கும். சில வருடங்களில் தானே மறையும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது அடிபட்ட கன்றலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் விவகாரம் குழந்தைகள் நலத் துறை வரை போகும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே குழந்தையின் மருத்துவப் பதிவில் அதை எழுதச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. அமெரிக்காவில் மத்திய அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் 1964 சிவில் உரிமைச் சட்டப்படி மொழி உதவியை இலவசமாகத் தர வேண்டும். பிரிட்டனின் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளிலும் கட்டணமில்லை. மாப்பிள்ளை சொல்வாரே என்று விடாதீர்கள். மகளின் தையல் வலியையும் உதிரப்போக்கையும் எந்த அம்மா மாப்பிள்ளை முன்னால் மனம்விட்டுப் பேசுவாள்? புரியாத தாளில் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

குறையிருந்தால் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பேஷன்ட் அட்வகேட்டிடமும், இங்கிலாந்தில் பால்ஸ் என்ற உதவிப் பிரிவிடமும் சொல்லலாம். குழந்தைகள் நலத் துறை தலையிட்டால் முதலில் வக்கீலைப் பாருங்கள். கூடவே இந்தியத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள்.

லேபிள் இல்லாத மருந்துப் பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். மீதியின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அதைக் காட்டட்டும்.