தோட்டாவின் நீளமும் குழலின் முறுக்கும்

திருவனந்தபுரத்தில், வட்டியூர்க்காவில் உள்ள சுடுதளம் 2015ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டியின் களமாக விளங்கியது. அத்தகைய தளங்களில் காணும் ரைபிளாயினும், குறுகிய குழலுடைய கார்பைனாயினும், குழலின் உட்சுவரில் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்களே குண்டைச் சுழலச் செய்து, பம்பரம்போல் நிலைகுலையாமல் பறக்க வைக்கின்றன. குண்டு ஒருமுறை முழுதாகச் சுழலக் குழலில் கடக்க வேண்டிய தொலைவே முறுக்கு வீதம். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று மந்தமானது, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று விரைவானது.

ஒரே விட்டமுடைய குண்டின் எடை கூடினால் நீளமும் கூடுவதால், அதற்கு விரைவான முறுக்கு தேவைப்படுகிறது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் வகுத்த விதிப்படி, விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க வேண்டும், 0.224 அங்குல விட்டமும் 0.9 அங்குல நீளமும் உள்ள ஈயக்கருக் குண்டுக்கு ஏறத்தாழ 8.4 அங்குலம் கிடைக்கிறது.

அமெரிக்காவின் எம்16 ரைபிள், சுமார் 3.6 கிராம் குண்டுக்கு 12 அங்குல முறுக்கைக் கொண்டிருந்தது. 4 கிராம் குண்டும், அதனினும் நீண்ட ஒளித்தடக் குண்டும் வந்தபின் எம்16ஏ2 வகையில் அது 7 அங்குலமாயிற்று. கார்பைனின் குட்டைக் குழலில் குண்டின் வேகம் குறைந்து சுழற்சியும் குறைவதால், 5 கிராம் அளவிலான கனத்த குண்டுகளுக்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கே பொருந்தும். ஆயினும் மெல்லிய உறையுடைய இலகுவான குண்டுகள் மிகையான சுழற்சியால் சிதறக்கூடும் என்பதால், பயன்படுத்தவுள்ள குண்டை முதலில் முடிவு செய்து, அதன் நீளத்துக்கேற்பக் குழலைத் தேர்வதே முறை.