முகமறியாக் குரல்: கிளாடிஸ் ஹோர்ட்டனின் கலைவாழ்வு

பாட்டு வாழப் பாடியவர் மறக்கப்படுவது கலையுலகில் புதுமையன்று. நாட்டார் பாடல்களைப் பாடிய முதல் நாவு யாருடையதென நாம் அறியோம். ஆயின், ஒலிப்பதிவுக் கருவிகள் பெருகிவிட்ட இருபதாம் நூற்றாண்டிலும், கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு குரலுக்குரியவள் முகமற்றவளாக ஆக்கப்பட்டாள் என்றால், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். ‘மார்வலெற்ஸ்’ என்னும் அமெரிக்கப் பெண்கள் குழுவின் முதன்மைப் பாடகி கிளாடிஸ் ஹோர்ட்டனின் வரலாறு அத்தகையது.

கிளாடிஸ் 1945ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோரின் அரவணைப்பின்றி வளர்ப்புக் குடும்பங்களிலே வளர்ந்தவர். மிச்சிகன் மாநிலத்தில், மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெற்றோயிற் நகரின் அயலிலுள்ள இங்ஸ்ரர் என்னும் சிற்றூரின் உயர்தரப் பாடசாலையிலே, சேர்ந்திசைக் குழுவில் இருந்த தோழியரைத் திரட்டி அவர் ஒரு குழுவை அமைத்தார். 1961இல் அப்பாடசாலையில் நடந்த திறமைப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பெறுவோர்க்கு ‘மோட்டவுன்’ இசைத்தட்டு நிறுவனத்தில் குரற்சோதனைக்கு வாய்ப்பு என்பது ஏற்பாடு. இப்பெண்களுக்குக் கிடைத்ததோ நான்காம் இடம். ஆயினும் அவர்தம் ஆற்றலை உணர்ந்த ஆசிரியை ஒருவர், அவர்களுக்கும் வாய்ப்பளிக்குமாறு பரிந்துரைத்தார். பரிசுப் பட்டியலுக்கு அப்பாலும் திறமையைக் காணும் ஆசிரியக் கண் இல்லாதிருந்தால் இவ்வரலாறே இல்லை.

தபாற்காரனை நோக்கி ஒரு விண்ணப்பம்

சொந்தப் பாட்டோடு வாருங்கள் என்றனர் நிறுவனத்தார். குழுவில் ஒருத்தியான ஜோர்ஜியா டொபின்ஸ், நண்பர் ஒருவரிடமிருந்த பாட்டைப் பெற்று, அதன் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைப் புதிதாக எழுதினார். ஆனால், தந்தையார் ஒப்பந்தத்திற்கு இசையாமையால் அவரே குழுவை விட்டு விலக நேர்ந்தது. முதன்மைக் குரல் கிளாடிஸிடம் வந்து சேர்ந்தது.

‘பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மன்’ என்பது அப்பாட்டு. தொலைவிலுள்ள காதலனின் மடலை எதிர்பார்த்திருக்கும் ஓர் இளம்பெண், பையோடு கடந்து செல்லும் தபாற்காரனை நிறுத்தி இரக்கிறாள். மேகத்தையும் அன்னத்தையும் தூதுவிட்ட இலக்கியங்களைப் பயின்ற நமக்கு இவ்வுணர்வு அயலானதன்று. தூது செல்பவன் மட்டுமே மாறியிருக்கிறான். பாட்டைச் செப்பனிட்டவர்களுள் ஒருவரான பிரெடி கோர்மன், அந்நாளில் உண்மையாகவே தபாற்காரராகத் தொழில் பார்த்தவர் என்பது சுவையான செய்தி. பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற மார்வின் கேய் இப்பதிவில் முரசு கொட்டினார்.

தேவாலயக் கீதத்தின் உருக்கமும் கறுப்பின மக்களின் துயரப் பாடல்களின் தாளமும் கூடிப் பிறந்ததே ‘சோல்’ இசை. சற்றே கரகரத்த, மெருகிடப்படாத கிளாடிஸின் குரல் அதற்கு இயல்பாகப் பொருந்தியது. 1961 டிசம்பரில் அமெரிக்கப் பாடல் வரிசையில் அவ்விசைத்தட்டு முதலிடம் பெற்றது. மோட்டவுன் நிறுவனத்திற்கு அப்பட்டியலில் கிடைத்த முதலாவது முதலிடம் அதுவே. பாடியவருக்கு வயது பதினாறு.

முகமும் பெயரும்

அடுத்து வெளிவந்த நீள் இசைத்தட்டின் உறையைக் காண்போர் வியப்படைவர். அதில் ஒரு கடிதப் பெட்டியின் படம் இருக்கிறது. பாடிய பெண்களின் முகம் இல்லை. கறுப்பினத்தவரின் குரலை விரும்பி வாங்கிய சந்தை, அவர்தம் முகத்தை ஏற்குமோ என வணிகர் ஐயுற்ற காலம் அது.

1962இல் வெளிவந்த ‘பிளேபோய்’ என்னும் பாட்டின் ஆக்கத்தில் கிளாடிஸும் பங்குகொண்டார். ஆயின் காலப்போக்கில் நிறுவனத்தின் கவனம் ‘சுப்ரீம்ஸ்’ குழுவின்பாற் சென்றது. மார்வலெற்ஸ் குழுவினர் வேண்டாமென்று விட்ட பாட்டொன்றே 1964இல் சுப்ரீம்ஸ் குழுவை முதன்முதலாக முதலிடத்தில் ஏற்றியது. முதன்மைக் குரலும் மெல்ல மெல்ல வண்டா யங் என்ற தோழியிடம் மாறியது. 1967இல் கிளாடிஸ் குழுவை விட்டு விலகி இல்லறத்தையும் பிள்ளை வளர்ப்பையும் மேற்கொண்டார்.

கொடுமை அதன் பின்னரே நிகழ்ந்தது. மீண்டும் மேடையேற விழைந்தபோது, ‘மார்வலெற்ஸ்’ என்ற பெயர் அவருக்குரியதாக இருக்கவில்லை. அது நிறுவனத்தின் உடைமை. பின்னர் பிறருக்குக் கைமாறிய பண்டம். அக்குழுவில் ஒருநாளும் பாடியிராதவர்கள் அப்பெயரோடு ஊரூராகச் சென்று பாடினர். இத்தகைய போலிக் குழுக்களைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் பல பிற்காலத்தில் சட்டமியற்றின. ஆயினும் இழந்த ஆண்டுகளைச் சட்டம் மீட்டுத் தராது.

அப்பாட்டோ ஓயவில்லை. 1963இல் ‘பீற்றில்ஸ்’ குழுவினர் அதனைப் பாடினர். ‘கார்ப்பென்ரர்ஸ்’ பாடிய வடிவம் 1975இல் மீண்டும் முதலிடம் எய்தியது. கிளாடிஸ் 2011 ஜனவரி 26ஆம் நாள் கலிபோர்னியாவிற் காலமானார். ‘றொக் அன்ட் றோல்’ புகழ்மண்டபத்திற்கு 2013ஆம், 2015ஆம் ஆண்டுகளுக்கென அவர் குழுவின் பெயர் முன்மொழியப்பட்டும் தெரிவாகவில்லை.

ஒரு கலைப்படைப்பின் விலை வணிகனின் ஏட்டில் எழுதப்படுகிறது. அதன் உரிமை சட்டத்தின் ஏட்டில் எழுதப்படுகிறது. அதைப் பாடியவர் யாரென்பதோ கேட்போரின் நினைவிலே தவிர வேறெங்கும் நிலைப்பதில்லை. கிளாடிஸின் முகத்தை உறையிலிருந்து நீக்க வணிகரால் இயன்றது. பெயரைப் பிறருக்கு விற்கவும் இயன்றது. தபாற்காரனை அழைக்கும் அந்தப் பதினாறு வயதுக் குரலை மட்டும் இசைத்தட்டிலிருந்து நீக்க எவராலும் இயலவில்லை. அதனைக் கேட்கும்போது பாடியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நாம் செலுத்தக்கூடிய கடன்.