அலங்காரச் செடிகளைக் குட்டையாக்கும் புற ஊதா ஒளி: எவ்வாறு செயல்படுகிறது?

பசுமைக்குடிலில் வளரும் தொட்டிச் செடிகள், திறந்தவெளிச் செடிகளைக் காட்டிலும் நெடிதாகவும் மெலிதாகவும் வளர்ந்து எளிதில் சாய்ந்துவிடுகின்றன. நெருக்கமும் வெப்பமும் இதற்குக் காரணங்கள். கூரையும் ஒரு காரணம் என்பது பலரும் கவனிக்காத ஒன்று.

சூரிய ஒளியில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ‘யுவி-பி’ கதிர்களின் பெரும்பகுதியைக் கண்ணாடிக் கூரை தடுத்துவிடுகிறது. இந்தியாவில் பாலிஹவுஸ்களின் மீது போர்த்தப்படும் பாலித்தீன் உறை வெயிலில் நைந்துபோகாமலிருக்கச் சேர்க்கப்படும் பொருள்களும் அக்கதிர்களைக் குறைக்கின்றன.

செடியைப் பொறுத்தவரை யுவி-பி ஓர் எச்சரிக்கை. அதை உணரும் ஏற்பியாக ‘யுவிஆர்8’ என்ற புரதம் செயல்படுவது 2011-ஆம் ஆண்டு உறுதிசெய்யப்பட்டது. இரண்டிரண்டாக இணைந்திருக்கும் அதன் மூலக்கூறுகள் கதிர் பட்டதும் பிரிந்து, மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றுகின்றன. தண்டை நீளச் செய்யும் ஆக்சின், ஜிப்ரெல்லின் ஹார்மோன்களின் வேகம் தணிகிறது. கணுக்களின் இடைவெளி சுருங்குகிறது; இலை தடிக்கிறது.

இதே பணிக்குத்தான் டாமினோசைடு, பேக்லோபியூட்ரசால் போன்ற வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. புற்றுநோய் அச்சத்தால் டாமினோசைடு 1989-இல் அமெரிக்காவில் உணவுப் பயிர்களிலிருந்து விலக்கப்பட்டது. அலங்காரச் செடிகளுக்கு மட்டும் அனுமதி நீடித்தது. யுவி விளக்குகளைப் பொருத்தினால் இத்தகைய மருந்துத் தெளிப்பைக் குறைக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

ஆனால் அளவு தவறினால் இலை கருகும், சுருளும், விற்பனைக்கு உதவாது. ஒரு ரகத்துக்குப் பொருந்தும் அளவு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. தொழிலாளர்களின் கண்ணும் தோலும் பாதிக்கப்படும் என்பதால், ஆள் நடமாட்டம் உள்ளபோது விளக்குகளை எரியவிடக் கூடாது. மருந்தின் அபாயத்தை நீக்கப்போய், கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அபாயத்தை உள்ளே கொண்டுவருவதில் பொருளில்லை.

ஒசூர், பெங்களூரு, புணே பகுதிகளின் கொய்மலர் ரோஜாவுக்கு இந்தக் குட்டையாக்கம் தேவையே இல்லை. அங்கு காம்பு நீண்டால்தான் விலை. எனினும் ரோஜாவுக்கு வேறொரு பயன் உண்டு. இரவில் சிறிது நேரம் யுவி-பி பாய்ச்சினால் சாம்பல் நோய் கட்டுப்படுவதை நார்வே ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கதிரால் நேர்ந்த சேதத்தைச் சீர்செய்ய அந்தப் பூஞ்சைக்கு நீல ஒளி தேவை. இரவில் அது கிடைப்பதில்லை.