மரத்தில் வாழும் செடி வீட்டுக்குள் ஏன் வாடுகிறது?

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்கள், தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை மறந்திருக்க மாட்டார்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் நகருக்குள் வரும் விரைவுச்சாலையிலும் இதே மரங்கள்தாம் குடை பிடிக்கின்றன. இந்த மரங்களின் கிளைகளை அண்ணாந்து பார்த்தால், யாரோ பச்சைக் கூடைகளைத் தூக்கி வைத்ததுபோல் ஒரு செடி உட்கார்ந்திருக்கும். அதுதான் பறவைக்கூட்டுப் பெரணி. அதற்கு அங்கே மண் இல்லை, தொட்டி இல்லை, உரம் போட ஆளும் இல்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தழைத்திருக்கிறது.

அதே செடியைக் காசு கொடுத்து வாங்கி, அழகான தொட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றி, வரவேற்பறையின் மூலையில் செல்லமாக வளர்க்கிறார்கள் பலர். சில மாதங்களில் நடுக்குருத்து கறுத்து, இலைகள் சரிந்து, செடி குப்பைக்குப் போகிறது. "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி, அடுத்த பண்டிகைக்கு இன்னொன்று வாங்குகிறார்கள். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்தில் குடியிருக்கும் செடியைத் தரைச் செடிபோல் நடத்துவதால் வரும் வினை இது. போவது செடி மட்டும் என்றால் பரவாயில்லை. தவறாக வைத்த ஒரு பூந்தொட்டி வீட்டுக்குள் டெங்கிக் கொசுவையும் வளர்த்துவிடும்.

இந்தப் பெரணி புல்லுருவிபோல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரத்தை உட்காரும் இடமாக மட்டுமே பயன்படுத்திக்கொள்கிறது. நீண்ட இலைகள் ஒரே நடுவிலிருந்து வட்டமாகக் கிளம்பி, புனல்போல் விரிந்து நிற்கின்றன. மேலேயிருந்து உதிரும் சருகு, பூ, பறவை எச்சம் எல்லாம் அந்தப் புனலில் விழுந்து மக்குகின்றன. அதுதான் அதற்குச் சோறு. அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல் பின்னிக் கிடக்கும் வேர்கள், மழை பெய்யும்போது நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மழை விட்டதும் காற்று அந்த வேர்ப்பந்தைச் சுற்றிலும் வீசி, அதிகப்படியான ஈரத்தை உலர்த்திவிடுகிறது. நனைவது, வடிவது, காற்றுப் படுவது ஆகிய மூன்றும் மாறி மாறி நடந்தால்தான் அது வாழும்.

காட்டில் இந்தக் கூடைக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. மார்ட்டின் எல்வுட், வில்லியம் ஃபாஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சபாவின் டானம் பள்ளத்தாக்கில், உயர்ந்த மரங்களின் உச்சியிலிருந்த பறவைக்கூட்டுப் பெரணிகளை ஆராய்ந்தார்கள். 2004ஆம் ஆண்டில் 'நேச்சர்' ஆய்விதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்க வைத்தது. எறும்பு, கரையான், வண்டு என்று ஒரே பெரணிக்குள் வாழும் சிற்றுயிர்களின் எடை, அந்த மரத்தின் உச்சிப் பகுதி முழுவதிலும் வாழும் சிற்றுயிர்களின் எடையை ஏறக்குறைய எட்டிவிடக்கூடும் என்று கண்டார்கள். மலாய்க்காரர்கள் இதைப் 'பாக்கூ லங்சுயார்' என்கிறார்கள். லங்சுயார் என்பது மலாய்க் கதைகளில் வரும் ஒரு பெண் பேய். இருட்டில் மரக்கிளையில் இலைகளை விரித்துத் தொங்கவிட்டிருக்கும் பெரணியைப் பார்த்தால், பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லத் தோன்றாது.

மண்ணும் தண்ணீரும்

கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பெரிய தொட்டி ஒன்றில் கறுப்பு மண்ணை நிரப்பி அதை நட்டு அழுத்துவது. ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் சரியான மண் இதற்குப் பொருந்தாது. களிமண் கலந்த கனத்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேருக்குக் காற்று போகாமல் அடைத்துவிடும். வேர் மூச்சுத் திணறி அழுகும்போது மேலே இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதோடு கதை முடிந்தது.

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் தேங்காய்மட்டைத் துண்டுகள், மரப்பட்டைச் சில்லுகள், கொஞ்சம் அடுப்புக்கரி ஆகியவற்றோடு தோட்ட மண்ணைச் சிறிதளவு மட்டும் கலந்தால் போதும். கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. தொட்டி வேர்ப்பந்தைவிட இரண்டு விரல்கடை மட்டுமே அகலமாக இருக்கலாம். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டிதான் பிடித்திருக்கிறது என்றால், செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டு, அதைத் தூக்கிப் பீங்கானுக்குள் வைக்கலாம். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வைக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றுவது? இதற்கு நாள் கணக்குச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். காற்றோட்டமான சமையலறைச் சன்னலோரம் இருக்கும் செடிக்கு ஒரு கணக்கு, மூடிக் கிடக்கும் அறையில் இருக்கும் செடிக்கு வேறு கணக்கு. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈரம் பட்டால் விட்டுவிடலாம், உலர ஆரம்பித்திருந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது தொட்டியின் ஓரமாகச் சுற்றி, அடியில் வடியும்வரை தாராளமாக ஊற்ற வேண்டும். நாள்தோறும் அரைக் குவளை ஊற்றுவதைவிட இதுவே நல்லது. குழாய்த் தண்ணீரே போதும்.

நடுக்குருத்தில் மட்டும் ஊற்றவே கூடாது. "காட்டில் மழை நேராக நடுவில்தானே விழுகிறது?" என்று சிலர் கேட்பது நியாயமான கேள்விதான். காட்டில் அந்த நடுப்பகுதி மெத்தென்ற சருகால் நிரம்பியிருக்கிறது. மழைநீரை அது உறிஞ்சிக்கொள்கிறது, மீதியைக் காற்று உலர்த்துகிறது. கடையில் வாங்கும் செடியின் நடுவில் சருகு இல்லை, வெறும் கிண்ணம்தான். வீட்டுக்குள் காற்றும் அசைவதில்லை. அங்கே தேங்கும் நீர் பிஞ்சு இலைகளின் மேல் நாள்கணக்கில் நிற்கும். இந்தப் பெரணிக்கு வாழைபோல் பக்கக்கன்று கிடையாது, வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் எத்தனை உரம் போட்டாலும் செடி மீளாது.

தட்டில் தேங்கும் ஆபத்து

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிடக் குளம் குட்டை தேவையில்லை. 20 காசு நாணயத்தின் அளவு தேங்கிய நீரே போதும். முட்டை கொசுவாக மாற நம் தட்பவெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் தடுப்பு வழிகளில் இறுகிப்போன தொட்டி மண்ணைக் கிளறுவதும், பூந்தொட்டித் தட்டில் இருக்கும் நீரைக் கொட்டுவதும் இடம்பெற்றுள்ளன. மலேசியாவிலும் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டில் கொசு உற்பத்தியானால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தட்டு நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முடிந்தால் தட்டே வேண்டாம். குளியலறையிலோ கழுவுதொட்டியிலோ வைத்து நீர் ஊற்றி, வடிந்ததும் இடத்தில் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இலைகளின் அடியிடுக்கில் நீர் நிற்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் செடியைச் சாய்த்து வடித்துவிட வேண்டும்.

ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டப் புத்தகங்களில் ஒரு யோசனை தவறாமல் இருக்கும். தட்டில் கூழாங்கல்லைப் பரப்பி, நீர் ஊற்றி, அதன்மேல் பெரணித் தொட்டியை வைத்தால் ஈரப்பதம் கூடுமாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக் காற்றை உலர்த்திக்கொள்ளும் நாடுகளுக்காக எழுதப்பட்டது அது. வெளிக்காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் உள்ள சிங்கப்பூரில் அதைச் செய்வது, கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதற்குச் சமம். கோலாலம்பூருக்கும் இதையே சொல்லலாம்.

இங்கே காற்றை உலர்த்துவது குளிர்சாதனம்தான். படுக்கையறையில் இரவு முழுவதும் குளிர்காற்று நேராக மேலே வீசும் இடத்தில் வைத்தால், இலை ஓரங்கள் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். தெளிப்பானால் நீர் தெளிப்பது சில நிமிடங்களுக்கு மேல் உதவாது, தெளித்த நீரும் வழிந்து நடுக்குருத்துக்குத்தான் போகும். செடியை நகர்த்தி வைப்பதே மருந்து. சன்னல் உள்ள குளியலறை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

வெளிச்சத்துக்கும் எளிய சோதனை உண்டு. பகலில் விளக்குப் போடாமல் இந்தச் செய்தித்தாளைச் சிரமமின்றிப் படிக்க முடிகிற இடம் பெரணிக்குப் போதும். படிக்க முடியாத மூலையில் வைத்தால் உடனே சாகாது, மெதுவாக மெலியும். புதிய இலைகள் சிறுத்து, வெளிறி, நீண்டு தொங்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் தண்ணீரும் மெதுவாகவே செலவாகும் என்பதால், மூலையில் இருக்கும் செடிதான் அதிகம் அழுகுகிறது. கிழக்குச் சன்னலின் காலை வெயில் கெடுதல் செய்யாது. மேற்குச் சன்னலின் பிற்பகல் வெயில் இலையைப் பொசுக்கிவிடும்.

உரம் அதிகம் வேண்டியதில்லை. புட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு கரைத்து, மாதம் ஒரு முறை, அதையும் ஓரமாக ஊற்றினால் போதும்.

இலைக்கு அடியில் இருப்பது பூச்சியா?

வளர்ந்த செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய. நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கிச் சீப்புப் பற்கள்போல் வரிசையாகப் பழுப்புக் கோடுகள் இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களும், இலையையே வெட்டி எறிபவர்களும் உண்டு. அவை செடியின் வித்துகள் அடங்கிய பைகள். பெரணி பூக்காது, காய்க்காது. தூசு போன்ற வித்துத் தூளைக் காற்றில் விட்டுத்தான் இனம் பெருக்குகிறது. அந்தக் கோடுகள் தெரிந்தால் செடி வயதுக்கு வந்துவிட்டது என்று மகிழலாம்.

உண்மையான பூச்சியும் வரும், அது செதில்பூச்சி. அது ஒழுங்கான கோடாக இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, நரம்பை ஒட்டியும் இலைக்காம்பிலும் சிறு பொட்டுப்போல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், இலை பிசுபிசுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முதல் வைத்தியம். இலை பளபளக்க எண்ணெய் தடவும் பழக்கம் இந்தச் செடிக்கு வேண்டாம். சுருண்டு எழும் பிஞ்சு இலைகளை விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது, தொட்ட தழும்பு இலை விரிந்த பிறகும் நிற்கும்.

அடிவரிசையில் ஒன்றிரண்டு இலை பழுத்தால் வயதாகிவிட்டது என்று பொருள், அறுத்துவிடலாம். ஒரே நேரத்தில் பல இலைகள் மஞ்சளாகித் துவண்டால் மட்டும் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை, 1989ஆம் ஆண்டில் வெளிவந்த நாசா ஆய்விலிருந்து பரவியது. மூடிய சிறு கூண்டுக்குள் நடந்த சோதனை அது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், அதுவரை வெளிவந்த இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று தெரிந்தது. மூவறை வீட்டில் அப்படி வைத்தால் மனிதருக்கு இடமிருக்காது. சன்னலைத் திறந்து வைப்பது மலிவு. பெரணியை அதன் அழகுக்காக வாங்கினால் போதும்.

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவைக்கூட்டுப் பெரணியை அவை கடித்தாலும் நஞ்சில்லை. கடைகளில் 'அஸ்பாரகஸ் ஃபெர்ன்' என்று விற்கப்படுவது பெரணியே அல்ல, அது அவற்றுக்கு ஆகாது. இன்னொரு குழப்பமும் உண்டு. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் 'பூச்சோக் பாக்கூ' கீரையும் பெரணி இனம்தான், ஆனால் அது வேறு வகை. வரவேற்பறைச் செடியைப் பறித்துத் தேங்காய்ப்பாலில் சமைக்க முயல வேண்டாம்.

செடியைத் தாவரப் பண்ணையிலேயே வாங்க வேண்டும். சிலாங்கூரில் சுங்கை பூலோ அதற்குப் பேர்போன இடம். 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள், பிழைப்புக்காகத் தொடங்கிய செடி வளர்ப்புத்தான் அங்கே வரிசை வரிசையான பண்ணைகளாக வளர்ந்தது. சிங்கப்பூரில் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். தவிரவும், மரக்கிளையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது வேர்ப்பந்து கிழிந்துவிடுவதால், அப்படிக் கொண்டுவந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை.

பொறுமை உள்ளவர்கள் வித்திலிருந்தே வளர்த்துப் பார்க்கலாம். பழுப்புக் கோடுகள் முற்றிய இலைத் துண்டை வெள்ளைத் தாளில் கவிழ்த்து இரண்டு நாள் வைத்தால், காப்பித் தூள்போல் உதிர்ந்திருக்கும். அதை ஈரமான தேங்காய்நார்த் தூளின்மேல் தூவி, மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் விட வேண்டும். சில வாரங்களில் பாசிபோல் பச்சை படரும். தூக்கி எறிந்துவிடக் கூடாது, அதுதான் முதல் பருவம். அந்தப் பச்சையிலிருந்து நகத்தளவு இலை தலைகாட்டவே இன்னும் சில மாதங்கள் ஆகும்.